மைதான ஓரத்து மாட்டுத்தொட்டி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆகஸ்ட் மாதத்து மாலையொன்றில், ஏதேனும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு மைதானத்துக்குப் போனால், கோடு போட்ட புல்தரையை ஒட்டி ஒரு பெரிய தொட்டி இருப்பதைப் பார்க்கலாம். கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டுவதற்காகப் பண்ணைச் சாமான் கடைகளில் விற்கிறார்களே, அந்தக் கனத்த பிளாஸ்டிக் தொட்டிதான் பல பள்ளிகளில் இந்த வேலைக்கு வந்திருக்கிறது. பாதிக்கு மேல் தண்ணீர். பக்கத்திலேயே ஐஸ் நிறைந்த பெட்டிகள். பயிற்சி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும்வரை அது அங்கேயே இருக்கும். பெரும்பாலான நாட்களில் யாரும் அதில் இறங்க வேண்டிய தேவை வராது. சாயங்காலம் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள்.

அந்தத் தொட்டி அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று ஃபுளோரிடா சட்டம் போட்டது 2020இல். பயிற்சியின்போது சுருண்டு விழுந்து 2017இல் இறந்துபோன பதினாறு வயது மாணவன் ஒருவனின் பெயரால் அந்தச் சட்டத்தை ‘ஸக்கரி மார்ட்டின் சட்டம்’ என்கிறார்கள்.

தொட்டி, தண்ணீர், ஐஸ். மூன்றில் எதையும் 2020இல் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வெயிலில் ஓடுகிறவனுக்கு என்ன ஆகும், அவனை எப்படிக் காப்பாற்றலாம் என்பதில் பெரும்பகுதி 1950களிலேயே அமெரிக்க மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த விஷயம் ஆய்வகத்திலிருந்தும் ராணுவ முகாமிலிருந்தும் பள்ளி மைதானம் வரை வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இடையில் பெரும்பாலான ஆண்டுகளின் ஆகஸ்டில் எங்காவது ஒரு வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தார்கள். அந்தத் தாமதத்தின் வரலாறு இது.

அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. ரக்பியின் வழிவந்த, உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம் அது. தலையில் ஹெல்மெட், தோளில் பட்டை, இடுப்பிலும் தொடையிலும் திண்டுகள், மேலே இறுக்கமான சட்டை. பள்ளி ஆண்டு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். முதல் ஆட்டமும் அதையொட்டியே வந்துவிடும். ஆகவே பயிற்சி தொடங்குவது ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் முதல் வாரங்களிலும். தெற்கு மாநிலங்களில் அதுதான் ஆண்டின் மிகப் புழுக்கமான காலம். கோடை விடுமுறை முழுக்க வீட்டுக்குள் ஏசியில் இருந்த பையன், முதல் நாளே முழுக் கவசத்தோடு வெயிலில் இறங்குவான். ஆட்டத்தின் நாட்காட்டியே ஆபத்தை உள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

அதற்கு மேல் ஒரு பழக்கம் சேர்ந்துகொண்டது: விளையாடும்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது.

இந்தப் பழக்கம் அமெரிக்கக் கால்பந்துக்கு மட்டும் சொந்தமானதில்லை. ஜப்பானியப் பள்ளிகளின் பேஸ்பால் அணிகளில் பல தலைமுறைகள் இதைக் கடைப்பிடித்தன. நம் ஊரிலும் ‘ஓடும்போது தண்ணி குடிச்சா வயிறு பிடிச்சுக்கும்’ என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. நெடுந்தூர ஓட்டத்தில் இது கிட்டத்தட்ட ஒரு கொள்கையாகவே இருந்தது. 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மராத்தான் அதற்குச் சாட்சி. 32 டிகிரி வெயில், மண் சாலை, முன்னே போகும் மோட்டார் வண்டிகள் கிளப்பிய புழுதி. அமைப்பாளரான ஜேம்ஸ் சல்லிவன், ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கும் இடங்களை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்திருந்தார்; தண்ணீரில்லாமல் உடல் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதும் ஒரு நோக்கம். 32 பேர் புறப்பட்டு 14 பேர்தான் ஓடி முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸ் வழியில் தண்ணீர் கேட்டபோது அவருடைய ஆட்கள் கொடுக்கவில்லை. வாயை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டார்கள். பதிலுக்கு முட்டை வெள்ளைக்கருவும் பிராந்தியும் சிறிதளவு ஸ்ட்ரிக்னைன் நஞ்சும் கொடுத்து ஓடவைத்தார்கள். அவர் சாகாமல் கோட்டைத் தொட்டது அதிர்ஷ்டம்.

இரண்டாம் உலகப்போர் இந்த நம்பிக்கையை ஆய்வுக்கூடத்துக்கு இழுத்து வந்தது. பாலைவனத்தில் படை நடத்த வேண்டியிருந்ததால், தண்ணீர் குறைவாகக் குடிக்கச் சிப்பாய்களைப் பழக்க முடியுமா என்ற கேள்வி அவசரமானது. ஹார்வர்டின் களைப்பு ஆய்வகத்தில் வெப்ப அறைக்குள் ஆட்களை மணிக்கணக்கில் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். தண்ணீரே குடிக்காதவர்கள் சீக்கிரம் தளர்ந்தார்கள். தாகத்துக்குக் குடித்தவர்கள் அவர்களைவிட நன்றாக நடந்தார்கள். வியர்வையில் போன அளவை மணிக்கு மணி ஈடுகட்டியவர்கள் எல்லோரையும்விட நன்றாக நடந்தார்கள். முடிவு 1944இல் அச்சானது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் செய்த ஆய்வுகள் 1947இல் புத்தகமாக வந்தன. மனித உடம்பைத் தண்ணீரில்லாமல் இருக்கப் பழக்க முடியாது என்பது அதன் சாரம். வெயிலுக்குப் பழகலாம், தாகத்துக்குப் பழக முடியாது.

அப்போதே அந்தப் பழக்கம் ஒழிந்திருக்க வேண்டும்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1954 செப்டம்பரில், டெக்ஸஸ் ஏ அண்டு எம் கல்லூரிக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் பால் ‘பேர்’ பிரையன்ட், தன் மாணவர்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு ஜங்ஷன் என்ற சிற்றூருக்குப் போனார். கல்லூரிக்கு அங்கே ஒரு கிளை வளாகம் இருந்தது. டெக்ஸஸ் அப்போது பல ஆண்டு வறட்சியின் நடுவில் கிடந்தது. கல்லும் முள்ளும் நிறைந்த காய்ந்த தரையில் விடியலிலிருந்து பயிற்சி. இடைவேளையில் தண்ணீர் கிடையாது. சுமார் பத்து நாட்கள். போகும்போது இருந்த கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் கடைசி நாளில் மிஞ்சியது. மற்றவர்களில் பலர் இரவோடு இரவாகச் சாலைக்கு நடந்து, கிடைத்த வண்டியில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மாணவர் வெப்பவாதத்தில் விழுந்து, சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டார்.

அந்த ஆண்டு அந்த அணி பத்து ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது. ஆனால் ஊர் நினைவில் நின்றது வேறு கணக்கு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956இல், அதே அணி தோல்வியே காணாமல் தன் வட்டாரப் பட்டத்தை வென்றது. முகாமில் தாக்குப்பிடித்தவர்கள் ‘ஜங்ஷன் பாய்ஸ்’ என்று புராணமானார்கள். புத்தகமும் வந்தது, தொலைக்காட்சிப் படமும் வந்தது. தண்ணீர் மறுப்பதுதான் பிள்ளைகளை ஆண்களாக்கும் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பள்ளிப் பயிற்சியாளர்களுக்கு, நாட்டின் மிகப் பெரிய பயிற்சியாளர்களில் ஒருவரே முன்னுதாரணமாகிவிட்டார். பிரையன்ட் பிற்காலத்தில் அந்தப் பழைய மாணவர்களைச் சந்தித்தபோது வருத்தம் தெரிவித்தார் என்று அவர்களில் சிலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வருத்தம் அந்தச் சிலரோடு நின்றுவிட்டது. புராணம் நாடு முழுக்கப் போனது.

பயிற்சியாளர்கள் கெட்டவர்கள் என்று இதைப் படிப்பது தவறாகிவிடும். பெரும்பாலானவர்கள் தங்களுக்குச் செய்யப்பட்டதையே தங்கள் மாணவர்களுக்கும் செய்தார்கள். தாங்கள் பிழைத்ததால் முறை சரி என்று நினைத்தார்கள். பிழைக்காதவர்கள் வந்து பயிற்சியாளர் ஆவதில்லை.

ஜங்ஷன் நடந்த அதே ஆண்டுகளில், தென் கரோலினா கடலோரத்தில் பாரிஸ் தீவு என்ற இடத்தில் இதே பிரச்சினையை வேறு ஆட்கள் வேறு விதமாக அணுகிக்கொண்டிருந்தார்கள். அங்கே அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையின் பயிற்சி முகாம் இருந்தது. கோடையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் கொத்துக் கொத்தாக வெயிலில் விழுந்தார்கள். பள்ளிக் கால்பந்து வீரர்களைவிடச் சற்றே மூத்தவர்கள், பதினெட்டு, பத்தொன்பது. ஹார்வர்டைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் யாக்லூவும் கடற்படை மருத்துவர் டேவிட் மினார்டும் அங்கே ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள்.

அவர்கள் கண்டது எளிய உண்மை. நிழலில் தொங்கும் வெப்பமானி சொல்லும் எண்ணை வைத்து, வெயிலில் ஓடுகிறவனின் ஆபத்தைச் சொல்ல முடியாது. உடம்பு தன்னைக் குளிரவைத்துக்கொள்வது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை சொட்டும், ஆவியாகாது. சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சென்னையின் ஜூன் மாதத்தில் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும்போது இதை எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். ஆகவே மூன்று வெப்பமானிகள் வேண்டும்: ஈரத் துணி சுற்றியது ஒன்று, கறுப்பு உலோக உருண்டைக்குள் வைத்து நேர்வெயிலில் நிறுத்தியது ஒன்று, சாதாரணமானது ஒன்று. ஈரத்துணி வெப்பமானிக்கு எழுபது பங்கு, கறுப்பு உருண்டைக்கு இருபது, சாதாரணக் காற்று வெப்பத்துக்கு வெறும் பத்து. மூன்றையும் கூட்டினால் கிடைப்பது ‘வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர்’. நூற்றுக்கு எழுபது பங்கு ஈரத்தின் கையில் இருக்கிறது என்பதே இந்தச் சூத்திரத்தின் உயிர். எண் ஏற ஏற முகாமில் கொடியின் நிறம் மாறும். கறுப்புக் கொடி ஏறினால் கடும் பயிற்சி நிற்கும். முகாமில் விழுகிறவர்களின் எண்ணிக்கை சரிந்தது. கட்டுரை 1957இல் வெளியானது.

இன்று உலகெங்கும் விளையாட்டு அமைப்புகள் பயன்படுத்துவது அந்த அளவுகோலைத்தான். டெக்ஸஸில் தண்ணீர் மறுத்ததற்கும் தென் கரோலினாவில் கொடி ஏற்றியதற்கும் இடையே இரண்டு மூன்று ஆண்டுகள்தான் வித்தியாசம். இளைஞர்களைச் சாகக்கொடுக்கும் தொழிலான ராணுவம்கூட, பயிற்சியில் அவர்களைச் சாகவிடக் கூடாது என்று கணக்குப் போட்டுப் பார்த்தது. பள்ளிகள் பார்க்கவில்லை.

1960களில் மருத்துவர்கள் மைதானத்தின் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக அணியின் மருத்துவர் ராபர்ட் மர்ஃபியும் வில்லியம் ஆஷும் 1965இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில், ஈரத்துணி வெப்பமானியைப் பார்த்துப் பயிற்சியைக் குறையுங்கள், தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அதே பல்கலைக்கழகத்தில் டொனால்ட் மேத்யூஸ் குழு ஆட்டக் கவசத்தையே சோதித்தது. ஒரே ஆள் அரை மணி நேரம் மூன்று முறை ஓடினான்: அரைக்கால்சட்டையோடு ஒரு முறை, கவசத்தின் எடைக்குச் சமமான மூட்டையை முதுகில் சுமந்து ஒரு முறை, கவசமே அணிந்து ஒரு முறை. கவசத்தோடு ஓடியபோதுதான் உடம்பு அதிகம் சூடேறியது. ஓட்டம் நின்ற பிறகும் சூடு இறங்க மறுத்தது. எடையைவிட மூடிக்கிடக்கும் தோல்தான் பெரிய ஆபத்து என்று தெரிந்தது.

பழக்கத்தை அசைத்தது ஒரு பானம். 1965இல் கெய்ன்ஸ்வில் நகரின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளர் டுவெய்ன் டக்ளஸ், சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் ஒரு கேள்வி கேட்டார்: ஆட்டம் முடிந்தபின் பையன்களுக்கு ஏன் சிறுநீரே வருவதில்லை? அந்தக் கேள்வியிலிருந்து கேடும் அவருடைய சகாக்களும் உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு நீரைத் தயாரித்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னவர் கேடின் மனைவி. அணியின் பெயரான ‘கேட்டர்ஸ்’ என்பதை வைத்துக் கேட்டரேட் பிறந்தது. 1967 புத்தாண்டையொட்டிய ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் ஃபுளோரிடா வென்றதும் அதன் புகழ் பரவியது. கேட்டரேட் செய்த மிகப் பெரிய நன்மை அதன் உப்பிலோ சர்க்கரையிலோ இல்லை. ஆட்டத்தின் நடுவே குடிப்பது வெல்கிறவர்கள் செய்யும் காரியம் என்று ஆகிவிட்டது. மருத்துவக் கட்டுரைகளால் பத்து ஆண்டுகளாக முடியாததை ஒரு வெற்றி செய்தது.

ஆனாலும் பள்ளிகள் மெதுவாகத்தான் மாறின. கால்பந்து மரணங்களை அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கம் 1931 முதல் ஆண்டுதோறும் கணக்கெடுத்துவருகிறது. தொடக்க ஆண்டுகளில் வெப்பவாதச் சாவுகள் அபூர்வம். 1950களின் இறுதியிலிருந்து அவை ஒவ்வோர் ஆண்டின் பட்டியலிலும் இடம்பிடிக்கத் தொடங்கின. 1970இல் மட்டும் எட்டுப் பேர். அதற்குப் பிறகு தண்ணீர் இடைவேளை பரவப் பரவ எண்ணிக்கை இறங்கியது. சில ஆண்டுகளில் ஒருவரும் இல்லை. வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

முடியவில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் ஆண்ட்ரூ கிரண்ட்ஸ்டைன் குழு, 1980 முதல் 2009 வரை வெப்பத்தால் இறந்த 58 கால்பந்து வீரர்களின் விவரங்களைத் தோண்டி எடுத்தது. 1994க்குப் பின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. அதிகச் சாவுகள் ஆகஸ்டில். இறந்தவர்களில் பெரும்பாலோர் ‘லைன்மேன்’ எனப்படும் முன்வரிசைக்காரர்கள். ஆட்டத்தில் மோதித் தடுப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்படும் பெரிய உடம்புக்காரர்கள். பலர் விழுந்தது காலைப் பயிற்சியில் என்பது எல்லோரையும் திகைக்க வைத்த செய்தி. காலை என்றால் குளுமை, பாதுகாப்பு என்று நினைத்தே அந்த நேரத்தை வைத்திருந்தார்கள். காலையில் வெயில் குறைவு, ஈரம் அதிகம். யாக்லூ எழுபது பங்கு கொடுத்த அதே ஈரம்.

தண்ணீர் கொடுத்தும் ஏன் செத்தார்கள் என்ற கேள்விக்கு விடை இங்கேதான். ஓடுகிற தசை எரிக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. அது வெளியே போகும் வேகத்தைவிட உள்ளே உண்டாகும் வேகம் கூடினால், எவ்வளவு தண்ணீர் குடித்திருந்தாலும் உடம்பின் உட்சூடு ஏறும். 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்கினால் அதுதான் ‘ஹீட் ஸ்ட்ரோக்’, வெப்பவாதம். பையன் உளறுவான், கோபப்படுவான், தள்ளாடுவான். விட்டால் சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறையும் தன்மை என ஒவ்வொன்றாகக் குலையும். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்திலிருந்து பதினான்கு நாட்கள் தேவை. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். அந்த நாட்களைத் தராமல் முதல் வாரமே காலையும் மாலையுமாக இருவேளைப் பயிற்சி கொடுத்தால், தண்ணீர்க் குவளை மட்டும் காப்பாற்றாது.

2001 கோடை இதை நாட்டுக்கே சொன்னது. ஜூலையில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் எராஸ்ட் ஆட்டின் பயிற்சிக்குப் பின் விழுந்து, சில நாட்களில் இறந்தார். கேட்டரேட் பிறந்த அதே வளாகம். ஜூலை 31 அன்று மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் தொழில்முறை வீரர் கோரி ஸ்டிரிங்கர் முகாமில் தளர்ந்தார். மருத்துவமனையில் அவருடைய உடல் வெப்பம் 42.7 டிகிரி. மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 27. கோடிக்கணக்கில் பணம் புரளும் அணியின் முகாமிலேயே ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை என்றால், மருத்துவ உதவிக்கு ஆளே இல்லாத பள்ளி மைதானத்தில் என்ன கதி?

கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. 2003இல் விதி கொண்டுவந்தது: முதல் ஐந்து நாட்கள் படிப்படியாக, தொடக்கத்தில் ஹெல்மெட் மட்டும், பிறகு தோள்பட்டை, ஐந்தாம் நாள்தான் முழுக் கவசம். பள்ளிகளுக்கு அப்படி எதுவும் உடனே வரவில்லை. பள்ளி விளையாட்டை ஒவ்வொரு மாநிலத்தின் சங்கமும் தனித்தனியே ஆள்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்ற வேண்டும். 2008 ஆகஸ்டில் கென்டக்கியில் பதினைந்து வயது மாணவன் ஒருவன், 34 டிகிரி வெயிலில் பயிற்சியின் இறுதியில் திரும்பத் திரும்ப ஓடவைக்கப்பட்டு விழுந்து, மூன்று நாட்களில் இறந்தான். பயிற்சியாளர் மீது குற்ற வழக்கே நடந்தது. மறு ஆண்டு நடுவர் குழு அவரைக் குற்றவாளியல்ல என்று விடுவித்தது. ஆனால் நாடெங்கும் பயிற்சியாளர்கள் அந்த வழக்கை மூச்சுப் பிடித்துப் பார்த்தார்கள். விடுவிப்பு வந்த அதே ஆண்டில், அத்லெட்டிக் டிரெய்னர்களின் தேசியச் சங்கம் பள்ளிகளுக்கான பதினான்கு நாள் பழக்கமுறையை வெளியிட்டது.

அத்லெட்டிக் டிரெய்னர் என்றால் உடற்பயிற்சி சொல்லித்தருபவர் இல்லை. அணியோடு மைதானத்தில் நின்று காயத்தையும் ஆபத்தையும் கவனிக்கும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர். 2015இல் வெளியான ஆய்வின்படி அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 37 சதவீதத்தில்தான் முழுநேர டிரெய்னர் இருந்தார்.

டிரெய்னர் ஒருவர் பக்கத்தில் இருப்பது என்ன செய்யும் என்பதற்கு டக்ளஸ் காசாவின் வாழ்க்கை சாட்சி. 1985இல் பள்ளி மாணவராக, நியூயார்க் மாநிலத்தின் எம்பயர் ஸ்டேட் போட்டியில் 10,000 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றில் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். அங்கிருந்த டிரெய்னர் அது வெப்பவாதம் என்று உடனே கண்டுகொண்டு குளிர்விக்கத் தொடங்கினார். காசா பிழைத்தார், தன் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு நோய்க்கே கொடுத்தார். 2010இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஸ்டிரிங்கரின் மனைவி கெல்சியோடு சேர்ந்து கோரி ஸ்டிரிங்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர்தான். மாநிலம் மாநிலமாகப் போய் விதிகளை மாற்றச் சொல்வது அதன் முக்கிய வேலை.

அவர்கள் கையில் எடுத்துச் சென்றது இந்த மாட்டுத்தொட்டிதான்.

ஐஸ் தண்ணீரில் ஆளை முக்குவதை மருத்துவ உலகின் ஒரு பகுதி நெடுநாள் எதிர்த்தது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், உடம்பு நடுங்கி மேலும் சூடேறும் என்பது வாதம். காகிதத்தில் சரியாகத் தோன்றும் வாதம். பாரிஸ் தீவின் ராணுவ மருத்துவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பல ஆண்டுகள் ஐஸ் நீரில் முக்கிச் சிப்பாய்களைப் பிழைக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் நடுவே அதை நிரூபித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆகஸ்ட் நடுவில் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டம். ஏழு மைல் தூரம். முழு வேகத்தில் ஓடக்கூடிய அளவுக்குச் சின்னது, சூடேறப் போதுமான அளவுக்குப் பெரியது. அங்கே முடிவுக்கோட்டருகே கூடாரத்தில் தொட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். பதினெட்டு ஓட்டங்களில் வெப்பவாதத்தில் விழுந்த 274 பேரை அந்தத் தொட்டிகளில் இறக்கினார்கள். உடம்புச் சூடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி இறங்கியது. 274 பேரும் பிழைத்தார்கள்.

அரை மணி நேரம்தான் கெடு. அதற்குள் உட்சூட்டை இறக்கிவிட்டால் உயிர் தங்கும். ஆம்புலன்ஸ் வந்து, ஏற்றி, மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் அந்த அரை மணி கரைந்துவிடும். ஆகவே வழக்கமான அவசர மருத்துவ விதி இங்கே தலைகீழாகிறது: முதலில் மைதானத்திலேயே குளிர்வி, பிறகு கொண்டுபோ. தொட்டி இல்லாத இடத்தில் தார்ப்பாயை விரித்து, நடுவில் பையனைக் கிடத்தி, நான்கு பக்கமும் ஆட்கள் தூக்கிப் பிடிக்க, உள்ளே ஐஸையும் தண்ணீரையும் கொட்டலாம். இன்னொரு சங்கடமும் உண்டு. மைதானத்து அவசரத்தில் உட்சூட்டைச் சரியாகக் காட்டுவது ஆசனவாய் வெப்பமானிதான். நெற்றியிலும் காதிலும் வாயிலும் பார்க்கும் கருவிகள், வியர்த்துக் கொட்டும் விளையாட்டு வீரனிடம் பொய்யான குறைந்த எண்ணைக் காட்டி ஆளை ஏமாற்றிவிடும். பதின்வயதுப் பிள்ளையிடம் அதைச் செய்வதற்குப் பள்ளிகள் கூச்சப்பட்டன. பெற்றோரோடு முன்கூட்டியே பேச வேண்டியிருந்தது.

இத்தனையும் தெரிந்த பிறகு, 2018 மே 29 அன்று, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வயது லைன்மேன் ஜோர்டான் மெக்நேர் 110 கஜ ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தபோது தளர்ந்தார். பிறகு வந்த விசாரணை அறிக்கை நிமிடங்களை எண்ணிச் சொன்னது: அறிகுறி தெரிந்து அவரை மைதானத்திலிருந்து அகற்ற 34 நிமிடம், அவசர உதவியை அழைக்க ஒரு மணி ஏழு நிமிடம், ஆம்புலன்ஸ் கிளம்ப ஒரு மணி 39 நிமிடம். உடல் வெப்பத்தை யாரும் அளக்கவில்லை. தொட்டியில் இறக்கவுமில்லை, அவ்வளவு பெரிய உடம்பு தண்ணீரில் மூழ்கிவிடுமோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஜூன் 13 அன்று அவர் இறந்தார். அந்த அரை மணி கெடு மூன்று முறை வந்து போயிருந்தது. சட்டப்படியும் தார்மீகப்படியும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையதே என்று அதன் தலைவர் வாலஸ் லோ பொதுவெளியில் ஏற்றுக்கொண்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்கள் அப்படிச் சொல்வது அபூர்வம். மாணவ வீரர்களின் பாதுகாப்புக்காக மெக்நேர் பெயரால் மேரிலாண்ட் 2021இல் சட்டம் இயற்றியது.

தெற்கே ஜார்ஜியா, அதற்கு முன்பே, 2012இல் பாரிஸ் தீவின் அளவுகோலைப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியிருந்தது. மீட்டர் 92 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வெளியில் பயிற்சி கிடையாது. மீறும் பள்ளிக்கு அபராதம். பதினான்கு நாள் முறையைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் பயிற்சிக்கால வெப்பநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே 2019 ஆகஸ்டில், அதே ஜார்ஜியாவில், பதினாறு வயது மாணவி ஒருத்தி வெயிலில் நடந்த பயிற்சியில் விழுந்து இறந்தாள். அவள் கால்பந்து வீராங்கனை இல்லை. கூடைப்பந்து ஆடுகிறவள், கூரைக்குக் கீழே ஆடும் ஆட்டத்துக்காக வெளியே படிக்கட்டுகளில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் மறுக்கும் அதே பழக்கம் இருந்த ஜப்பானில், 1994இல் விளையாட்டுச் சங்கம் வெப்பநோய்க் கையேட்டை வெளியிட்டு, அளவுகோல் 31 டிகிரியைத் தாண்டினால் உடற்பயிற்சியைப் பொதுவாக நிறுத்தச் சொன்னது. பள்ளி பேஸ்பாலின் திருவிழாவான கோஷியென் கோடைப் போட்டியில், ஐந்தாம் இன்னிங்ஸ் முடிந்ததும் பத்து நிமிடம் உள்ளே போய் உடம்பைக் குளிர்விக்கும் இடைவேளை வந்தது 2023இல்தான். அதற்கடுத்த ஆண்டு முதல் சில நாட்களின் ஆட்டங்களைக் காலை, மாலை என்று பிரித்து, உச்சிவெயிலைக் காலியாக விட்டார்கள்.

ஃபுளோரிடாவில் பயிற்சி இப்போது வேறு விதமாகத் தொடங்குகிறது. மைதானத்தில் முதலில் மீட்டரை வைக்கிறார்கள். கைக்கடக்கமான கருவி; அதன் நுனியில் யாக்லூவின் கறுப்பு உருண்டை சின்னஞ்சிறிதாக இருக்கிறது. எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு எத்தனை இடைவேளை, ஹெல்மெட் உண்டா இல்லையா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. இதற்கிடையில் யாரோ ஒருவர் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்புகிறார். ஐஸ் பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். பிறகுதான் விசில்.